அன்ஜும் சோதித்த பொடி

நல்லம்பள்ளி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நூர் பாஷாவின் தீவனக் கடை இருக்கிறது. தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோள மாவு, தாது உப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். சுற்றுப்பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள். வீட்டில் உருது, கடையில் தமிழ், வடக்கேயிருந்து சரக்கு கொண்டுவரும் டிரைவர்களிடம் கன்னடம் என்று எதிலும் சளைக்காமல் பேசுகிறவர். மகள் அன்ஜும் பெங்களூரில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் தடுமாறுவார்.

"பெரிய மெஷின் ஒண்ணு இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கறாங்களே, அது மாதிரி. அதுல பொடிய வெச்சுப் பாக்குறா."

"ஆள வெக்க மாட்டாங்களா பாய்?"

"இல்லீங்க. பொடி மட்டும்தான்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்ஜும் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆராய்ந்த பொடியின் பெயர் ஜியோலைட். சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கட்டிய, கண்ணுக்குத் தெரியாத அறைகளும் வாசல்களும் நிறைந்த பொருள். கச்சா எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் எடுக்கும் ஆலைகளில் இதை வினையூக்கியாகப் போடுவார்கள். அந்த அறைகளில் அலுமினியம் இருக்கும் இடங்களில் ஒரு ஹைட்ரஜன் தொற்றிக்கொண்டிருக்கும். அதுதான் அமில இடம். எண்ணெய் அங்கே வந்துதான் உடைகிறது. அந்த இடங்கள் எவ்வளவு இருக்கின்றன, எவ்வளவு வீரியமானவை என்று கண்டுபிடிப்பது அன்ஜுமின் வேலை.

பொடியை விரல் நுனியளவு குப்பியில் அடைத்து, பெரிய காந்தத்துக்குள் சாய்வாக நிறுத்தி, நொடிக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றவிட வேண்டும். பிறகு ரேடியோ அலையால் தட்டினால் உள்ளே இருக்கும் அணுக்கள் பதில் கொடுக்கும். ஹைட்ரஜனுக்கு ஓர் அலைவரிசை, அலுமினியத்துக்கு இன்னொன்று. எதற்கு வைக்கிறோமோ அந்த அணுவின் பதில் மட்டும்தான் திரையில் முகடுகளாக வரும். திட நிலை என்.எம்.ஆர். என்று அதற்குப் பெயர். அன்ஜுமுக்கு அந்த முகடுகள் கடைக்கு வரும் மனிதர்களின் முகங்கள் மாதிரிப் பழகிப்போயிருந்தன. இன்ன இடத்தில் இன்ன முகடு வந்தால் இன்ன அமில இடம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

அந்த ஐப்பசியில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தது. மழை. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். டிரைவர் கை ஒடிந்து பிழைத்துக்கொண்டார். கிரேன் வந்து லாரியைத் தூக்கிக்கொண்டு போனது. சரக்கை எடுக்க மட்டும் யாரும் வரவில்லை. சரிவு முழுக்கக் கிழிந்த மூட்டைகள். உள்ளே சாம்பல் நிறத்தில், மாவை விட நைசான பொடி. மூட்டையின் மேலிருந்த அச்சு பாதி நனைந்து அழிந்துபோய், ஆசிட் என்ற ஒரு வார்த்தையை மட்டும் படிக்க முடிந்தது.

கணவாய்க்குக் கீழே உள்ள ஊரில் சென்றாயன் என்ற விவசாயி இருந்தார். அவரும் மனைவி பெரியம்மாளும் நான்கு மாடுகள் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு மூட்டை தூக்கி வந்தபோது அவரும் தூக்கி வந்தார். கொஞ்சம் எடுத்துக் கொட்டகைத் தரையில் தூவிப் பார்த்தார். மாட்டு மூத்திரத்தை அந்தப் பொடி அப்படியே குடித்துக்கொண்டது. ஈரம் போனது, வாடையும் போனது. ஆனால் அந்த அச்சு அவரை உறுத்தியது. தவிடு வாங்க வந்தபோது நூர் பாஷாவிடம் கேட்டார்.

"பாய், அது ஆசிட் பவுடர்னு பேசிக்கறாங்க. மாட்டுக் குளம்பு வெந்துடுமோன்னு பயமா இருக்குது. உங்க பாப்பா இந்த மாதிரிப் பொடிதானே பாக்குது?"

அந்த வாரக் கடைசியில் அன்ஜும் ஊருக்கு வந்திருந்தாள். அப்பா ஒரு பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமும் வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்பா, இது நான் பாக்குற பொடியேதான். ஆலையில போட்டு எடுத்த பழசு."

"அப்படியா? அதே பொடியா?" நூர் பாஷா உள்ளே திரும்பி, "அஸ்கரி, இங்க வா, இவ மெஷின்ல வெக்கிற பொடியாம் இது!" என்று மனைவியைக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக மகளின் வேலை அவர் கைக்கு எட்டியிருந்தது.

பெங்களூர் திரும்பியதும், தன் மாதிரிகளுக்கு நடுவில் அதையும் ஏற்றினாள். சூடாக்கி ஈரத்தை எடுத்துவிட்டுக் குப்பியில் அடைத்து முதலில் ஹைட்ரஜனைப் பார்த்தாள். அமில முகடு வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆலையின் சூட்டிலும் நீராவியிலும் அமில இடங்கள் அழிந்துபோயிருந்தன. எதிர்பார்த்ததுதான். அலுமினியத்தையும் பார்த்தாள். கட்டமைப்பு சிதைந்திருந்தது. அதுவும் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது ஒன்று இருந்தது. முகடுகள் கூர்மையாக இல்லாமல் சேற்றில் பதிந்த கால்தடம் மாதிரி அகன்று கிடந்தன. இரண்டு பக்கமும் சின்னச் சின்னப் பக்க முகடுகள் வரிசையாக நீண்டுகொண்டே போயின. சிதைந்த அலுமினியத்தின் முகடு அகலும், சரி. ஆனால் ஹைட்ரஜனும் ஏன் இப்படி? காந்தத் தன்மையுள்ள உலோகம் ஏதாவது பொடியில் ஏறியிருந்தால் இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முதல் வருடமே படித்த பாடம். அந்த எண்ணம் அவளுக்கு வரத்தான் செய்தது. ஆனால் அடுத்த மாதிரிக்கு மெஷின் நேரம் குறைவாக இருந்தது. ஊர்க்காரர்கள் கேட்டது ஆசிட்டைப் பற்றித்தான். குப்பியை வெளியே எடுத்தாள்.

அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"ஆசிட் இல்லப்பா. சுத்தமா இல்ல."

"அப்ப மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "ஆசிட் இல்லேன்னு சொல்றேனே அப்பா. போனை வெக்கட்டுமா?" என்றாள்.

நூர் பாஷா அன்றைக்கே சென்றாயனிடம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். "எம் பொண்ணு மெஷின்ல வெச்சுப் பாத்துட்டா. ஒண்ணும் பண்ணாது, தைரியமாப் போடுங்க." சரிவில் மிச்சம் கிடந்த மூட்டைகளும் இரண்டு நாளில் காலியாகிவிட்டன.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் சென்றாயனின் மாடுகள் அசை போடுவதை நிறுத்தின. பிறகு கழிச்சல் கண்டது. சாணத்தில் ரத்தம். கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். சீமை மாடு முதலில் போனது, மறுநாள் செவலை. செவலை சினையாக இருந்தது. இன்னொரு கறவையும் ஒரு கிடாரியும் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தன.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன தீவனம் போட்டீங்க?" என்பது. நூர் பாஷாவின் கடைத் தவிடு. அன்று சாயங்காலத்துக்குள் பேச்சு நல்லம்பள்ளி வந்து சேர்ந்துவிட்டது. தவிட்டில் என்னவோ கலப்படம் என்றார்கள். வாங்கிப்போன மூட்டையை அவிழ்க்காமலேயே இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நூர் பாஷா மகளுக்குப் போன் செய்தார். "அதே தவிட்டத்தாம்மா எல்லாரும் வாங்கிட்டுப் போனாங்க. வேற எங்கேயும் ஒண்ணும் ஆகல. சென்றாயண்ணன் வூட்டுல மட்டும் ஏன் இப்படின்னு தெரியலையே."

கொட்டகைத் தரையில் தூவிய பொடி அன்ஜுமின் கண்முன் வந்தது. அந்தத் தரையில் சிந்திய தவிட்டை மாடு நக்காமலா இருக்கும்? அந்த அகன்ற முகடுகளை அவள் மறக்கவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான்.

பொட்டலத்தில் மிச்சம் இருந்தது. மெஷினை இந்த முறை வனேடியத்தின் அலைவரிசைக்கு வைத்தாள். கச்சா எண்ணெயில் வனேடியமும் நிக்கலும் உண்டு. எண்ணெய் உடைய உடைய அவை வினையூக்கியில் படிந்துகொண்டே போகும். புதிய பொடியையே பார்த்துப் பழகியவள் அவள். ஆனாலும் இது தெரியாதவள் அல்ல. திரையில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு மெதுவாக ஒரு மேடு எழும்பியது. அவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். மேடு அங்கேயே இருந்தது, இன்னும் உயர்ந்து.

அவளுடைய வழிகாட்டி கோகிலவாணி மேடம் உலோகப் பரிசோதனைக்குப் பொடியைப் பக்கத்துத் துறைக்கு அனுப்பினார். நிக்கலும் வனேடியமும் மாட்டின் வயிற்றுக்குள் போகக்கூடாத அளவில் இருந்தன. அன்ஜும் பழைய படத்தையும் அவருக்குக் காட்டினாள். மேடம் அதைக் கூர்ந்து பார்த்தார்.

"இதை நீ எப்ப எடுத்தே?"

"மாடுங்க சாகறதுக்கு முன்னாடி மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஊருக்குப் போ" என்று மட்டும் சொன்னார். கால்நடை டாக்டருக்கு உலோகத்தின் விவரத்தைப் போனிலேயே சொல்லிவிட்டு அன்ஜும் காலை ரயிலைப் பிடித்தாள்.

கடை பாதி திறந்திருந்தது. திரும்பி வந்த மூட்டைகளின் மேல் நூர் பாஷா உட்கார்ந்திருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். பொடிதான் காரணம், தவிடு இல்லை. அவர் முகத்தில் ஒரு நிமிஷம் உயிர் வந்தது. கடை தப்பித்தது. அடுத்த நிமிஷம் அது போய்விட்டது.

"பொடின்னா, அத போடச் சொன்னது நானாச்சே" என்றார்.

"நான் சொன்னேன்பா."

"நீ ஆசிட் இல்லேன்னுதானே சொன்னே. இல்லதானே? உன் பேச்சு சரி. ஒண்ணும் ஆகாதுன்னு சேத்துச் சொன்னது நான்தான்." அவர் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வா, போய்ச் சொல்லிட்டு வருவோம். நீ ஒண்ணும் பேசாதே. நான் பேசிக்கிறேன்."

வண்டியில் போகும்போது அன்ஜும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உன் பேச்சு சரி. யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். கேட்டது ஆசிட், பதில் ஆசிட். எந்த விசாரணையில் கேட்டாலும் அவள்மேல் பழி நிற்காது. அப்பா தானாகவே அதைத் தோளில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். அவள் பேசாமல் நின்றால் போதும்.

சென்றாயன் வீட்டில் கொட்டகைத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பொடியை எடுத்துவிடும்படி டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார். செத்துப்போன மாடுகளின் இடம் காலியாக இருந்தது. கறவை கிடந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தது. பெரியம்மாள் கிடாரியின் வாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நூர் பாஷா கை கூப்பினார். "அண்ணே, தப்பு என்மேலதான். பொண்ணு ஆசிட் இல்லேன்னு மட்டும்தான் சொன்னா. நான்தான் வாய்க்கு வந்தபடி ஒண்ணும் ஆகாதுன்னு..."

சென்றாயன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். "விடுங்க பாய். நீங்க என்னா பண்ணுவீங்க. நாங்கதானே தூக்கியாந்தோம். ஓசின்னதும் ஓடிப்போய் எடுத்தோம். பாப்பாவும் பாவம், கேட்டதுக்குப் பாத்துச் சொன்னுச்சு."

பாப்பாவும் பாவம். அந்த வார்த்தையைத்தான் அன்ஜுமால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்க மாமா" என்றாள். "நான் சரியா சொல்லல. பொடியைப் பாத்தப்பவே அதுல வேற ஏதோ இருக்கும்னு எனக்குத் தோணுச்சு. படம் வரவேண்டிய மாதிரி வரல. இரும்பு மாதிரி ஏதாச்சும் கலந்திருந்தாத்தான் அப்படி வரும்."

நூர் பாஷா திரும்பி மகளைப் பார்த்தார். இது அவருக்கும் புதிது.

பெரியம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா சொல்லல?"

"தெரிஞ்சுன்னு இல்ல அத்தை. சந்தேகம் வந்துச்சு. வந்ததைத் தள்ளிட்டேன். இன்னொரு தடவ வெச்சுப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். வேற வேல இருந்துச்சு."

"சந்தேகம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீனா, அன்னிக்கே கூட்டித் தள்ளியிருப்பனே. கொட்டகையில பாதிக்குத்தான் அப்பப் போட்டிருந்தோம். நீ சொன்னன்னுதான் மிச்சத்தையும் கொட்டினேன். என் கையாலதான் கொட்டினேன், செவல படுக்குற எடத்துல. வெதுவெதுன்னு கெடக்கட்டும், வயித்துல கன்னுக்குட்டி இருக்குதேன்னு."

சென்றாயன், "உடு பெரியம்மா" என்று மனைவியைப் பார்த்து மெல்லச் சொன்னார். அவள் விடவில்லை. சத்தம் போடவும் இல்லை. கிடாரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "படிச்ச புள்ள சொன்னா நாங்க எதுத்துக் கேக்கவா போறோம்" என்றாள்.

அன்ஜும் மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவர்கள் பரவாயில்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும். அதனால் கேட்கவில்லை. சுவரோரம் கிடந்த இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மற்றவர்களையும் கட்டச் சொல்லிவிட்டுத் தரையைச் சுரண்டினாள். தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டி, சாக்கில் அள்ளிக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளுமாக ஊருக்குள் வீடு வீடாகப் போனார்கள். ஒருவர் தக்காளித் தோட்டத்தில் போட்டிருந்தார். இன்னொருவர் கோழிக் கூண்டில். காசியம்மாள் என்ற விதவைப் பெண் அந்தப் பொடியால் ஈயப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். பளபளவென்று வருகிறது என்று ஒரு குண்டானைத் தூக்கிக் காட்டினாள். அதை நிறுத்தச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"அன்னிக்கு ஒண்ணும் பண்ணாதுன்னீங்க. இன்னிக்கு வெசம்ங்கிறீங்க. எத நம்பறது?"

"இப்பச் சொல்றத நம்புங்கக்கா. அன்னிக்கு நான் முழுசாப் பாக்கல" என்றாள் அன்ஜும். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னாள். நூர் பாஷா ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சொல்வதை ஒரு முறைகூட இடைமறிக்கவில்லை.

மாசு கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பொடி யாருடையது, எங்கே போய்க்கொண்டிருந்தது என்ற விசாரணை இன்னும் நடக்கிறது. அவர்கள் ஆய்வு விவரம் கேட்டபோது, அன்ஜும் வனேடியத்தின் படத்தோடு முதலில் எடுத்த படத்தையும் தேதியோடு சேர்த்தே கொடுத்தாள். அது தேவையில்லை என்று ஓர் அதிகாரி சொன்னார். கோகிலவாணி மேடம், "இருக்கட்டும்" என்றார்.

கறவையும் தேறவில்லை. கிடாரி மட்டும் எழுந்தது.

தவிடு காரணமில்லை என்று தெரிந்ததும் கடைக்கு ஆட்கள் பழையபடி வந்தார்கள். சென்றாயனும் வந்தார், கிடாரிக்கு மட்டும் போதுமான தவிடு வாங்க. நூர் பாஷா காசு வாங்காமல் இன்னொரு மூட்டையையும் வண்டியில் ஏற்றப் போனார். சென்றாயன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "வேணாம் பாய். அப்புறம் உங்க கடைக்கு வர எனக்குக் கூச்சமாப் பூடும்."

வீட்டில் அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார். "அன்னிக்கு போன்ல நான் கேட்டேனே, மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதேன்னு. தெரியலப்பான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?" அன்ஜும் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தெரியலப்பா என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. முதல்முறையாக அப்பா அவளிடம் அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை. அஸ்கரி பேகம்தான், "சாப்பிடற நேரத்துல என்ன இது" என்று பேச்சை மாற்றினாள்.

தை மாதத்தில் சென்றாயனின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அவளுக்குக் கவலை வந்தது. கொட்டகைக் கழிவு அந்தப் பக்கம்தான் ஓடும். தண்ணீரைத் தன் மெஷினில் வைக்கவில்லை. உலோகம் பார்க்கும் ஆய்வகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, "நான் கேக்காததையும் பாருங்க" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தண்ணீரில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

அதைச் சொல்ல நேரிலேயே போனாள். சென்றாயன் காரிமங்கலம் சந்தைக்கு மாடு பார்க்கப் போயிருந்தார். பெரியம்மாள் தனியாக இருந்தாள். உட்காரச் சொன்னாள். பாலில்லாத டீ போட்டுக் கொடுத்தாள். தண்ணீர் விவரத்தைக் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அன்ஜும் கிளம்பும்போது பெரியம்மாள் வாசல்வரை வந்தாள்.

"நீ வந்து உள்ளதச் சொன்னது நல்லதுதான் கண்ணு. சொல்லாம இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவரும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. ஆனா உன்னப் பாத்தா எனக்கு அந்தக் கன்னுக்குட்டி ஞாபகந்தான் வருது. செத்த மாட்ட அறுத்துப் பாத்தாங்க இல்ல, அப்பப் பாத்தேன். மயிரெல்லாம் மொளச்சு முழுசா இருந்துச்சு."

பெரியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வராதேன்னு சொல்லல. கொஞ்ச நாள் ஆவட்டும்."

"சரிங்க அத்தை" என்றாள்.

தொப்பூரில் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணவாய் ஏறி முடிக்கும்வரை அவள் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த ஊருக்கு அவள் போகவில்லை. காரிமங்கலத்தில் சென்றாயன் வாங்கிய மாடு கன்று போட்டதையும், பெரியம்மாள் சீம்பால் கொடுத்தனுப்பியதையும் அப்பாதான் போனில் சொன்னார். அவளுக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருப்பதாகவும், இந்த வாரம் வந்தால் சாப்பிடலாம் என்றும் சொன்னார். இந்த வாரம் வேலை இருக்கிறது, நீங்களும் அம்மாவும் சாப்பிடுங்கள் என்றாள். அந்த வாரம் அவளுக்கு வேலை எதுவும் இல்லை.